மயோனைஸ் இல்லாத கோடை

2025 ஏப்ரல் 8 அன்று தமிழ்நாட்டில் ஓர் அரசாணை நடைமுறைக்கு வந்தது. பச்சை முட்டையில் தயாராகும் மயோனைஸைச் செய்யவும், சேமித்து வைக்கவும், விற்கவும் ஓராண்டுக்குத் தடை. சால்மோனெல்லா, ஈ-கோலை, லிஸ்டீரியா போன்ற கிருமிகளால் உணவு நஞ்சாகும் ஆபத்து அதில் அதிகம் என்று காரணம் சொல்லப்பட்டது. 2024 அக்டோபர் இறுதியில் தெலங்கானாவும் இதே முடிவை எடுத்திருந்தது. ஷவர்மா, தந்தூரிக் கோழி, பர்கர் என்று மாலை நேரக் கடைத்தெருவில் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்டு வந்த அந்த வெள்ளைப் பசை, கத்திரி வெயில் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது கேள்விக்கு உள்ளானது.

முட்டையில்லாத மயோனைஸுக்கு அந்தத் தடை பொருந்தவில்லை. கடைக்காரர்களுக்கு மாற்றுவழி கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. ஆனால் சாப்பிடுகிறவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் முட்டைதான் போனது, எண்ணெய் போகவில்லை. அமெரிக்க உணவு விதிப்படி, புட்டியின் மேல் மயோனைஸ் என்று பெயர் போட வேண்டுமானால் உள்ளே இருப்பதில் எடைக்கு 65 சதவீதமாவது தாவர எண்ணெயாக இருக்க வேண்டும். பல தயாரிப்புகளில் அதற்கு மேலும் இருக்கும். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் 90 முதல் 100 கலோரி. கோல்ஸ்லா என்ற சாலட்டுக்கு அரைக் கிலோ முட்டைக்கோஸைத் துருவி, முக்கால் கப் மயோனைஸ் விட்டுக் கலக்கினால், அந்தப் பசையில் மட்டும் சுமார் 1,100 கலோரி சேர்ந்துவிடுகிறது. கோஸில் இருப்பதோ 100 கிராமுக்கு 25 கலோரிதான். உடம்புக்கு இலேசாக இருக்கட்டும் என்று எடுத்த காயை நாமே கனமாக்கிவிடுகிறோம்.

ஏன் அவ்வளவு எண்ணெய் தேவைப்படுகிறது? விடை காய்க்குள் இருக்கும் தண்ணீரில் இருக்கிறது. வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 சதவீதம் தண்ணீர். தக்காளியிலும் கிட்டத்தட்ட அதே அளவு. முட்டைக்கோஸில் 92, கேரட்டில் 88. நறுக்கி உப்புப் போட்ட மாத்திரத்தில் இந்தத் தண்ணீர் வெளியே வரத் தொடங்கும். கலந்த அரை மணி நேரத்தில் சாலட் நீர்த்துப்போய்ச் சப்பென்று ஆகிவிடும். நீர்த்தபின்னும் ருசி மங்காமல் இருக்கட்டும் என்று முதலிலேயே கெட்டியான கொழுப்பை அள்ளிப் போடுகிறார்கள். ஆக, இலேசான சாலட்டுக்கு வழி கேட்பவர் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தண்ணீரை என்ன செய்வது என்பதைத்தான். அதற்கு வெப்ப நாடுகளின் சமையலறைகள் பல விடைகளைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. சில நம் வீட்டிலேயே இருக்கின்றன.

கோஸும் வினிகரும்

கோல்ஸ்லாவுக்கு மயோனைஸ் பிறவித் துணை ஒன்றும் இல்லை. வட அமெரிக்காவில் குடியேறிய டச்சுக்காரர்கள் கொண்டுபோன கோஸ் சாலட்தான் அங்கே அந்தப் பெயரில் நிலைத்தது. அந்தக் காலத்தில் அதன் மேல் விட்டது வினிகரும் உருக்கிய வெண்ணெயும் எண்ணெயும்தான். புட்டியில் அடைத்த மயோனைஸ் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடைகளுக்கு வந்த பிறகே வெள்ளைப் பசையில் மூழ்கிய கோல்ஸ்லா எல்லா ஊருக்கும் பரவியது. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் இன்றும் சுட்ட பன்றியிறைச்சிக்குத் துணையாக வருவது சிவப்பு ஸ்லா. கோஸ், வினிகர், தக்காளி கெச்சப், மிளகு. மயோனைஸ் துளியும் கிடையாது. கொழுத்த இறைச்சிக்குப் பக்கத்தில் இன்னொரு கொழுப்பு எதற்கு என்று அந்த ஊர்க்காரர்கள் நினைப்பதில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பொரித்த கோழிக்குப் பக்கத்தில் மயோனைஸ் ஸ்லாவை வைக்கிறவர்கள் இதை யோசிக்கலாம்.

உப்பிட்டு அரை மணி நேரம்

தண்ணீரைக் கையாளும் முதல் வழி, அதை முன்கூட்டியே வெளியேற்றிவிடுவது.

இறுக்கமான, கையில் எடுத்தால் கனக்கிற கோஸாகப் பார்த்து அரைக் கிலோ எடுத்துக்கொள்ள வேண்டும். நாலாகப் பிளந்து நடுத்தண்டை நீக்கிவிட்டு, கத்தியால் மெல்லிய இழைகளாக நறுக்க வேண்டும். தேங்காய் துருவுகிற மாதிரித் துருவினால் கோஸ் நசுங்கிக் கூழாகும்; நெடியும் கூடும். கோஸின் உயிரணுக்கள் உடையும்போது உள்ளே தனித்தனியாக இருந்த நொதியும் கந்தகச் சேர்மங்களும் ஒன்றோடொன்று கலக்கின்றன. அந்தக் காரமான வாசனை அப்படித்தான் பிறக்கிறது. கூர்மையான கத்தி, குறைந்த நசுக்கல், குறைந்த நெடி.

நறுக்கிய கோஸில் ஒரு தேக்கரண்டி உப்பைத் தூவி, கையால் ஒரு நிமிடம் பிசறி, வடிதட்டில் போட்டு அரை மணி நேரம் விட்டுவிட வேண்டும். உப்பின் செறிவு வெளியே கூடுதலாக இருப்பதால் உயிரணுக்களுக்குள் இருக்கும் நீர் சுவரைக் கடந்து வெளியே வருகிறது. ஊறுகாய் போடும் வீடுகளில் எல்லாரும் அறிந்த விஷயம்தான். மாங்காயில் நடப்பது கோஸிலும் நடக்கிறது. அரை மணி கழித்துக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். அதோடு உப்பில் ஒரு பகுதியும் போய்விடும். வாயில் போட்டுப் பார்த்து உப்புக் கரித்தால் ஒருமுறை குளிர்ந்த நீரில் அலசி மறுபடி பிழியலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உப்பின் வரம்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள். எனவே டிரெஸ்ஸிங்கில் மறுபடி உப்புச் சேர்க்கவே கூடாது.

இப்போது கோஸ் துவண்டிருக்கும், ஆனால் கடித்தால் நறுக்கென்றுதான் இருக்கும். இனி அதன் மேல் எதை விட்டாலும் அது நீர்த்துப்போகாது. கொஞ்சம் விட்டாலே போதும் என்பது இந்த இடத்தில்தான் சாத்தியமாகிறது.

மயோனைஸ் இருந்த இடத்தில் வடிகட்டிய தயிர். அரைக் கிலோ தயிரை மெல்லிய வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, குளிர்சாதனப் பெட்டிக்குள் இரண்டு மூன்று மணி நேரம் விட்டால் கெட்டியான வெண்ணெய் பதத்துக்கு வரும். சமையலறைக் குழாயில் கட்டித் தொங்கவிடும் பழக்கம் மார்கழிக்குச் சரி. மே மாதத்தில் தயிர் புளித்துவிடும். வடிந்த தெளிநீரைக் கொட்ட வேண்டியதில்லை, சப்பாத்தி மாவு பிசையலாம், ரசத்தில் விடலாம். வடிகட்டிய தயிரோடு ஊறவைத்து அரைத்த கடுகு அரைத் தேக்கரண்டி, மிளகுத்தூள், அரை மூடி எலுமிச்சம்பழச் சாறு, சிட்டிகை சர்க்கரை, ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய். கடுகு காரத்துக்கு மட்டும் இல்லை. எண்ணெயையும் புளிப்பையும் பிரியாமல் பிடித்துவைக்கும் வேலையையும் அது செய்யும். இதையெல்லாம் கோஸோடும் ஒரு துருவிய கேரட்டோடும் கலந்தால் நாலு பேருக்குக் காணும். அரைக் கிலோ முழுக்கொழுப்புத் தயிரில் ஏறக்குறைய 300 கலோரி, எண்ணெயில் 40. முன்னே சொன்ன 1,100 உடன் ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு.

குஜராத்தில் சம்பாரோ என்று ஒன்று உண்டு. கோஸ், கேரட், பச்சை மிளகாய், சில வீடுகளில் பப்பாளிக்காய். கடுகு தாளித்த சிறிது எண்ணெயில் ஓரிரு நிமிடம் புரட்டி, மஞ்சள் தூவி, எலுமிச்சை பிழிந்து இறக்கிவிடுவார்கள். பச்சையும் இல்லாமல் பொரியலும் இல்லாமல் நடுவில் நிற்கும். பச்சைக் கோஸ் வயிற்றை உப்பவைக்கிறது என்று சொல்பவர்களுக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம்.

எண்ணெயே வேண்டாமா?

இங்கே ஒரு எச்சரிக்கை தேவைப்படுகிறது. இலேசு என்றால் சொட்டு எண்ணெய்கூட ஆகாது என்று வைராக்கியமாக இருப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஆய்வு ஒன்று அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து 2004-இல் வெளிவந்தது. கீரை, தக்காளி, கேரட் அடங்கிய ஒரே மாதிரியான சாலட்டை மூன்று விதமான டிரெஸ்ஸிங்கோடு சிலருக்குக் கொடுத்தார்கள். ஒன்றில் எண்ணெய் இல்லை, ஒன்றில் 6 கிராம், ஒன்றில் 28 கிராம். பிறகு அவர்களுடைய இரத்தத்தைச் சோதித்தார்கள். எண்ணெய் இல்லாத சாலட்டைச் சாப்பிட்டபோது கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் போன்ற நிறமிச் சத்துகள் ஏறக்குறைய உடம்பில் சேரவே இல்லை. இவை கொழுப்பில் கரைபவை. கொழுப்பு இல்லாவிட்டால் குடலைத் தாண்டாமல் அப்படியே வெளியேறிவிடும்.

சிறிய ஆய்வுதான். ஆனாலும் அது சொல்லும் செய்தி நம் தாளிப்புக் கரண்டிக்குப் பெருமை சேர்க்கிறது. ஒரு தேக்கரண்டி எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுவதும், இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவல் தூவுவதும் ருசிக்கு மட்டும் இல்லை. அந்தத் தேங்காயிலேயே ஏறத்தாழ 4 கிராம் கொழுப்பு இருக்கிறது. வேர்க்கடலைப் பொடி, எள், முந்திரி எதுவானாலும் சரி. அளவோடு இருக்கட்டும், இல்லாமல் இருக்க வேண்டாம்.

இராமநவமிக் கிண்ணம்

தண்ணீரைக் கையாளும் இரண்டாவது வழி, உப்பிட்டுப் பிழியும் முதல் வழிக்கு நேர் எதிரானது. காயிலிருந்து நீரை வரவிடாமல் உள்ளேயே வைத்திருப்பது. இதற்குத் தமிழ்நாட்டில் ஒரு பண்டிகையே சாட்சி. பங்குனி, சித்திரையில் வரும் ஸ்ரீராமநவமிக்குப் பானகம், நீர்மோர், வடைப்பருப்பு என்று மூன்றும் சேர்த்துப் படைப்பார்கள். மூன்றுமே வெயிலுக்கு ஏற்றவை, மூன்றுக்கும் அடுப்பு அதிகம் தேவையில்லை. வடைப்பருப்பு என்பது ஊறவைத்த பாசிப்பருப்பில் பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காய், மாங்காய், தேங்காய், பச்சை மிளகாய் சேர்த்த கலவை. கர்நாடகத்தில் இதுவே கோசம்பரி. அங்கே கல்யாண இலையில் தவறாமல் இடம்பெறும். கடலைப்பருப்பிலும் செய்வார்கள், அதற்கு ஊறும் நேரம் கூடுதல்.

பாசிப்பருப்புக்கு முக்கால் மணி நேரம் போதும். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், பல்லில் மாவாகக் கூடாது. தண்ணீரை நன்றாக வடித்துவிட்டுத் துணியில் பரப்பி ஈரத்தை ஒற்றி எடுத்தால் பருப்பு ஒட்டாமல் உதிரியாக நிற்கும். வெள்ளரிக்காயின் நடுவில் இருக்கும் விதைப்பகுதியைக் கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும், அதிகத் தண்ணீர் அங்கேதான். பிஞ்சாக இருந்தால் அந்த வேலையும் இல்லை. எல்லாவற்றையும் கலந்து, தாளித்துக் கொட்டிக் குளிரவைத்துவிட்டு, உப்பையும் எலுமிச்சையையும் இலை போட்ட பிறகே சேர்ப்பார்கள். கல்யாணச் சமையல்காரர்கள் இதில் கறாராக இருப்பார்கள். உப்பு முந்தினால் கோசம்பரி கொளகொளத்துவிடும்.

பருப்பின் புரதம், காயின் நார், தேங்காயின் கொழுப்பு எல்லாம் ஒரே கிண்ணத்தில் அமைந்திருக்கிறது. மதிய உணவுக்கு இதில் ஒரு பெரிய கிண்ணமும் ஒரு டம்ளர் நீர்மோரும் போதும் என்று சொன்னால் மிகையாகாது. மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டலும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வேகவைத்த பயறு, பச்சையான காய், புளிப்பு. வெளிநாட்டு உணவகத்தில் கொண்டைக்கடலை சாலட்டுக்குக் காசு கொடுப்பவர்கள் கடற்கரையில் காகிதக் கூம்பில் அதை எப்போதோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

தண்டும் மோரும்

மூன்றாவது வழி பச்சடி. காய் தண்ணீர் விடட்டும், அதைத் தயிர் வாங்கிக்கொள்ளும். இதற்குத் தயிர் கெட்டியாகவும் புளிப்புக் குறைவாகவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பச்சடியில் வெள்ளரிக்காயைத் தாண்டிப் போகாத வீடுகள் அதிகம். கோடையில் கவனிக்க வேண்டியது வாழைத்தண்டு. வாழை அதிகம் விளையும் தஞ்சை, திருச்சி, தூத்துக்குடி பக்கங்களில் மலிவாகக் கிடைக்கும் இது, பச்சையாகச் சாப்பிட அருமையான பொருள். மேல்பட்டைகளை உரித்து, உள்ளே இருக்கும் வெண்மையான இளந்தண்டை வட்டம் வட்டமாக அரிய வேண்டும். ஒவ்வொரு வட்டத்துக்கும் இடையே இழுபடும் நாரை விரலில் சுற்றி எடுத்துவிட்டு, உடனே மோரில் போட வேண்டும். காற்றுப் பட்டால் தண்டு பழுப்பாகிவிடும். மோரின் புளிப்பு அந்த நிறமாற்றத்துக்குக் காரணமான நொதியைத் தடுக்கிறது. பாட்டிமார்கள் கையாளும் இந்த முறையைத்தான் ஆப்பிளுக்கு எலுமிச்சை தடவுபவர்களும் செய்கிறார்கள். பிறகு மோரை வடித்துவிட்டு, பொடியாக நறுக்கி, தயிர், பச்சை மிளகாய், தேங்காய், கடுகு அரைத்த விழுது சேர்த்தால் கடிக்கக் கடிக்கச் சாறு வரும் பச்சடி தயார்.

எல்லாக் காய் பழத்தையும் தயிரில் போட முடியாது. பச்சை அன்னாசியைப் போட்டால் சிறிது நேரத்தில் கசக்கும். அன்னாசியில் இருக்கும் புரோமெலைன் என்ற நொதி தயிரின் புரதத்தை உடைப்பதால் வரும் கசப்பு அது. அன்னாசிப் பச்சடிக்குப் பழத்தை வேகவைத்துக்கொள்வது இதனால்தான், வெப்பத்தில் நொதி செயலிழந்துவிடும். வெங்காயமும் தயிரில் நேரம் ஆக ஆக நெடி ஏறும். நறுக்கியதும் குளிர்ந்த நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் காட்டம் தணியும், கலப்பதைப் பரிமாறும் நேரத்துக்கு ஒத்திவைத்தால் இன்னும் நல்லது.

கைக்கலவை

சென்னை பாரிமுனையில், பர்மா பஜாரை ஒட்டிய தெருக்களில், மாலையானால் தள்ளுவண்டிகளில் அத்தோ விற்பனை தொடங்கும். 1962-இல் பர்மாவில் (இன்றைய மியான்மர்) ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக்கப்பட்டபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் பெருந்திரளாகத் திரும்பினார்கள். அவர்களோடு வந்த உணவு இது. நூடுல்ஸ் என்று பலரும் நினைத்தாலும் அத்தோ உண்மையில் ஒரு சாலட். வேகவைத்து ஆறிய நூடுல்ஸில் பச்சைக் கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய், பொரித்த பூண்டு, வறுத்த கடலைமாவு எல்லாவற்றையும் போட்டு, கடைக்காரர் கையாலேயே பிசைந்து கொடுப்பார். பக்கத்தில் சூடான வாழைத்தண்டு சூப்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த வறுத்த கடலைமாவு. மியான்மர் சாலட்டுகள் பலவற்றில் அது உண்டு. காய் விடும் தண்ணீரையும் புளிச்சாற்றையும் அது உறிஞ்சிக்கொண்டு மெல்லிய பூச்சாகக் காயோடு ஒட்டிக்கொள்கிறது. நாலாவது வழி இதுதான், தண்ணீரைப் பொடியால் பிடிப்பது. மராட்டியர்களின் கோஷிம்பீர் என்ற காய்க்கலவையில் இந்த வேலையை வறுத்த வேர்க்கடலைப் பொடி செய்கிறது. யாழ்ப்பாணத்து வல்லாரைச் சம்பலில் தேங்காய்ப்பூ, அதாவது தேங்காய்த் துருவல், செய்கிறது. வல்லாரையை மிக மெல்லிசாக அரிந்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) விட்டுக் கையால் பிசறி உடனே சோற்றோடு சாப்பிடுவார்கள். எண்ணெய் விடுவதில்லை, தேங்காய்ப்பால் கையின் அழுத்தத்தில் தானாகக் கசிந்து இலையைப் பூசும். கரண்டியால் கலந்தால் இந்த ருசி வராது.

தாய்லாந்தின் பப்பாளிக்காய் சாலட்டான சோம் தாமையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். உரலில் மிளகாயும் பூண்டும் இடித்து, பனை வெல்லம், எலுமிச்சை, மீன் சாறு விட்டு, இழையாகச் சீவிய பப்பாளிக்காயை லேசாக இடிப்பார்கள். வறுத்த வேர்க்கடலையைத் தவிர அதில் கொழுப்பு இல்லை. மீன் சாறு கிடைக்காத வீட்டில் உப்பும் கொஞ்சம் புளியும் சேர்த்துக்கொண்டால் போதும். கொல்லையில் பப்பாளி மரம் நிற்கும் வீடுகளில் காயைக் கூட்டு மட்டும் வைத்து அலுத்துப்போயிருப்பார்கள், அவர்களுக்கு இது புதுவழி.

வெயிலும் கிருமியும்

மயோனைஸைத் தவிர்த்தால் ஆபத்து முழுக்க நீங்கிவிட்டதாக எண்ணக் கூடாது. நறுக்கிய காயும் கிருமிக்கு நல்ல விளைநிலம்தான். 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும். சமைத்த உணவையும் நறுக்கிய காய்களையும் அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்பது அமெரிக்க வேளாண் துறையின் பொதுவான அறிவுரை. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டினால் அது ஒரு மணி நேரமாகக் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் மதுரையிலோ வேலூரிலோ பகல் முழுக்க அதைத் தாண்டித்தான் இருக்கும். விருந்துக்கு ஒரே பாத்திரத்தில் மொத்தமாகக் கலந்து மேசையில் வைப்பதைவிட, பாதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொண்டு தீரத்தீர எடுப்பது பாதுகாப்பு.

முளைகட்டிய பயறு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பயறு முளைக்கத் தேவையான ஈரமும் கதகதப்பும்தான் கிருமிக்கும் தேவை. கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், முதியவர்கள், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் பச்சை முளைப்பயறைத் தவிர்க்க வேண்டும் என்றே உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. வீட்டில் எல்லாருக்குமாகச் செய்யும்போது இட்லித் தட்டில் வேகவைத்து, ஆறவைத்துக் கலப்பதே நல்லது. கீரையையும் கோஸையும் இதழ் இதழாகப் பிரித்து ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அப்படிக் கழுவியதைத் துணியில் உலர்த்துவது அதே அளவு முக்கியம். ஈரமான இலையில் டிரெஸ்ஸிங் ஒட்டாமல் வழுக்கிவிடும், அப்போது மறுபடி கூடுதலாக ஊற்றத் தோன்றும்.

கசக்கும் வெள்ளரியும் கோடையின் பிரச்சினைதான். வெயிலிலும் நீர்ப்பற்றாக்குறையிலும் வாடும் கொடிகள் குக்குர்பிட்டசின் என்ற கசப்புப் பொருளைக் கூடுதலாகச் சேர்க்கின்றன. காம்புப் பக்கம் அது அதிகம். நுனியை வெட்டித் தேய்க்கும் வழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. தேய்ப்பதைவிட அந்தப் பக்கத்தில் ஓர் அங்குலம் கூடுதலாக வெட்டி எறிவது பலன் தரும். ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்து, கடுமையாகக் கசந்தால் முழுக் காயையும் விட்டுவிட வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த சுரைக்காயின் கசப்புச் சாற்றைக் குடித்து நம் நாட்டில் உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது.

டிபன் பாக்ஸுக்குள்

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளொன்றுக்குக் காய்கறியும் கீரையுமாக 400 கிராம் சாப்பிடச் சொல்கிறது. பொரியலும் கூட்டுமாகவே அந்த அளவை எட்டுவது சிரமம், அதுவும் அடுப்படியில் நிற்கவே முடியாத மாதங்களில். ஒரு பெரிய கிண்ணம் பச்சைக்காயில் 150 முதல் 200 கிராம் வரை போய்விடும். பாதித் தூரம் கடந்த மாதிரி.

காலை ஏழு மணிக்குக் கட்டி, பகல் ஒரு மணிக்குத் திறக்கும் டிபன் பாக்ஸுக்கு எந்தச் சாலட் தாங்கும்? கோசம்பரி தாங்கும், உப்பும் எலுமிச்சையும் தனியே சின்ன டப்பாவில் போய், டிபன் பாக்ஸும் குளிர்ச்சி காக்கும் பையில் இருந்தால். அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இருந்தால், மூடியிட்ட கண்ணாடி ஜாடியில் அடுக்கிக்கொண்டு போகலாம். அடியில் டிரெஸ்ஸிங், அதன் மேல் கேரட், முள்ளங்கி போன்ற கெட்டிக்காய், பிறகு வெந்த கொண்டைக்கடலை, உச்சியில் இலைகள். சாப்பிடும் நேரத்தில் தட்டில் கவிழ்த்தால் தானே கலந்துகொள்ளும். தயிர் சேர்ந்ததைப் பெட்டி வசதி இல்லாத இடத்துக்குக் கொண்டுபோவது இந்த மாதங்களில் சரிவராது. குழந்தைகளுக்கு நறுக்கிய வெள்ளரிப்பிஞ்சும் மாங்காய்க் கீற்றும் அதே போல் குளிர்ச்சி காக்கும் பையில் தனித்தனியாக வைத்து, மிளகாய்த்தூளும் உப்பும் கலந்த பொட்டலம் ஒன்றைப் போட்டுவிட்டால் தட்டாமல் சாப்பிடுவார்கள். பேருந்து நிலையத்தில் வாங்கித் தரச் சொல்லிக் கேட்கும் அதே பண்டம்தானே.

காலையில் நறுக்கிய கேரட்டும் கோஸும் வாடிவிட்டால் ஐஸ் போட்ட தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடுக்கலாம். உப்பிட்டபோது நடந்ததற்கு நேர் எதிராக, இங்கே உயிரணுக்கள் நீரை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி விறைப்பாகும். அதற்கு மேல் ஊறவிட்டால் நீரில் கரையும் வைட்டமின்கள் தண்ணீரோடு போய்விடும்.

டிபன் பாக்ஸுக்கு வெளியே, வீட்டில் செய்ய இன்னொன்றும் உண்டு. திண்டிவனம், மரக்காணம் பக்கத்திலிருந்து தர்பூசணி லாரி லாரியாக வந்து சாலையோரங்களில் குவியும் பருவம் கோடைதான். எல்லாரும் சிவப்பைத் தின்றுவிட்டு மீதியைக் குப்பையில் போடுகிறார்கள். பச்சைத் தோலைச் சீவி எடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி, வெள்ளரிக்காயும் கோஸும் கலந்த மாதிரி இருக்கும். அதை இழையாகச் சீவி, கோஸுக்குச் செய்தது போலவே உப்பிட்டுப் பிழிந்து, எலுமிச்சை, பச்சை மிளகாய், புதினா, வறுத்த வேர்க்கடலைப் பொடி சேர்த்தால் நல்ல ஸ்லா. வெட்டுவதற்கு முன்பு பழத்தின் வெளிப்புறத்தை நன்றாகக் கழுவிவிட வேண்டும், தோலில் ஒட்டியிருப்பது கத்தியோடு உள்ளே போகும். ஒரு நடுத்தரப் பழத்தில் இப்படி எடுக்கும் வெள்ளை, நாலு பேர் உள்ள வீட்டுக்கு இரண்டு வேளைக்கு வரும்.